மேட்டுக்கு இந்தப் பக்கம் 1843, அந்தப் பக்கம் 1855

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகும் சாலையில் இருக்கிறது சிலமலை. ஊரின் எந்தத் தெருவில் நின்று மேற்கே பார்த்தாலும் கண்ணை மறிப்பது மலைதான். அந்த மலைமுகட்டுக்கு அப்பால் ஏலத்தோட்டங்கள். இன்று அது கேரளத்தின் இடுக்கி மாவட்டம். நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பு திருவிதாங்கூர் சமஸ்தானம். முகட்டுக்கு இப்பால் மதுரை ஜில்லா, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி.

கம்பெனி ஆண்ட பகுதிகளில் அடிமைமுறைக்கு இருந்த சட்ட ஏற்பு 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டத்தோடு போயிற்று. திருவிதாங்கூர் மகாராஜா அடிமை ஒழிப்பு விளம்பரத்தை வெளியிட்டது 1855 ஜூன் 24-இல். ஆக, இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகள் மேட்டுக்குக் கிழக்கே ஒரு மனிதனை உடைமை என்று சொல்லி நீதிமன்றம் ஏற முடியாது, மேற்கே ஏறலாம். மலைமேல் அப்போது பெரும்பாலும் காடுதான்; அடிமைகள் இருந்தது கீழே, நெல் வயல்களில். 1836-இல் எடுத்த கணக்கில் திருவிதாங்கூரின் ஏறத்தாழ 12.8 லட்சம் மக்களில் 1.64 லட்சம் பேர் அடிமைகள் என்று பதிவாகியிருக்கிறார்கள். எட்டில் ஒருவர். புலையர், பறையர், குறவர் ஆகிய சாதிகளைச் சேர்ந்த இவர்களை நிலத்தோடும் விற்றார்கள், நிலமில்லாமலும் விற்றார்கள். புருஷன் ஒரு வீட்டுக்கும் பெண்டாட்டி இன்னொரு வீட்டுக்கும் போனதுண்டு.

கிழக்குப் பக்கத்தை மெச்சிக்கொள்ளவும் அதிகம் இல்லை. 1843 சட்டம் யாரையும் பேர் சொல்லி விடுவிக்கவில்லை. ஆண்டையின் உரிமைக்கு நீதிமன்றம் கை கொடுக்காது என்றது, அவ்வளவே. அடிமை வைத்திருப்பது தண்டனைக்குரிய குற்றமானது இந்திய தண்டனைச் சட்டம் 1862-இல் நடைமுறைக்கு வந்தபோதுதான். 1843-இன் அந்தச் சிறிய அசைவுக்கும் லண்டனிலிருந்து நெருக்குதல் தேவைப்பட்டது. அமெரிக்க அடிமைகள் விளைவித்த பருத்தியை வாங்காதீர்கள், இந்தியப் பருத்தியை வாங்குங்கள் என்று பிரசாரம் செய்தவர்களிடம், இந்தியாவிலும் அடிமைகள் உண்டே என்று எதிராளிகள் திருப்பிக் கேட்டார்கள். 1840-இல் லண்டனில் கூடிய உலக அடிமை எதிர்ப்பு மாநாட்டில் இந்திய அடிமைமுறையும் பேசுபொருளானது. கறுப்பின மக்களின் விடுதலைக்காக எழுந்த குரல் சுற்றிச்சுற்றி நம் வயல்வெளிக்கும் வந்து சேர்ந்த வழி இது.

அந்தக் குரலில் பாதி சமயத்தின் குரல். எந்தச் சமயம், யாருடைய கையிலிருந்த சமயம் என்பதைப் பிரித்துப் பார்க்காமல் இந்த வரலாற்றைச் சொன்னால் பாதிப் பொய்யாகிவிடும். அமெரிக்காவில் ஆண்டைகளும் கிறிஸ்தவர்கள்தான். அடிமைகளில் பெரும்பகுதியினரும் காலப்போக்கில் கிறிஸ்தவர்களானார்கள். மேற்கிந்தியத் தீவு அடிமைகளுக்கென்று 1807-இல் லண்டனில் ஒரு பைபிள் அச்சானது. எகிப்திலிருந்து இஸ்ரவேலர் விடுதலையாகி வெளியேறும் கதை அதில் இல்லை. வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். அடிமைகளோ விட்டுப்போன அந்தப் பக்கங்களைத்தான் பிடித்துக்கொண்டார்கள். இரவில் காட்டுக்குள் கூடினார்கள். பாட்டும் செபமும் பெரிய வீட்டுக்குக் கேட்டுவிடாமல் இருக்க இரும்புப் பானையைக் கவிழ்த்து வைப்பார்களாம், பானை சத்தத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில். முன்னாள் அடிமைகளின் வாய்மொழிப் பதிவுகளில் இந்தப் பானை திரும்பத் திரும்ப வருகிறது.

அந்தக் கூட்டங்களிலிருந்து புறப்பட்டவர்கள் ஆண்டைகளைத் தூங்க விடவில்லை. 1822-இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டார் என்று தூக்கிலிடப்பட்ட டென்மார்க் வெசி, கறுப்பினத்தவரின் மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். 1831-இல் வர்ஜீனியாவில் கிளர்ச்சி செய்த நாட் டர்னர் ஒரு பிரசங்கியார். அதே ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜமைக்காவில் அடிமைகளின் வேலைநிறுத்தத்தைத் தொடங்கிவைத்த சாம் ஷார்ப், பாப்டிஸ்ட் சபையின் டீக்கன். பலரை வடக்கே தப்ப வைத்த ஹாரியட் டப்மனை மக்கள் மோசே என்றே அழைத்தார்கள். அடிமைத்தளையிலிருந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸ் 1845-இல் வெளியிட்ட தன்வரலாற்றின் பின்னிணைப்பில் ஒரு கோடு கிழித்தார்: கிறிஸ்துவின் சமயம் வேறு, இந்த நாட்டின் ஆண்டைகள் கைக்கொள்ளும் சமயம் வேறு.

டக்ளஸின் புத்தகம் வெளிவந்த அந்த 1845-ஆம் ஆண்டை மதுரைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

1810-இல் தொடங்கிய, பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் அமைப்பு, யாழ்ப்பாணத்தில் ஊன்றிய பிறகு 1834-இல் மதுரைக்கு வந்தது. பசுமலை, திண்டுக்கல், பெரியகுளம் என்று பரவியது. கோடைக்கானலில் 1845-இல் முதல் பங்களாக்களைக் கட்டியவர்களும் இந்த மிஷனரிகள்தான். போடி, கம்பம் பள்ளத்தாக்கில் புராட்டஸ்டண்ட் சபைகளின் வேர் இவர்களுடையது. இந்த போர்டுக்குச் சொந்த நாட்டில் ஒரு தலைவலி இருந்தது. அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கி, சோக்டா மக்களிடையே அது நடத்திய சபைகளில் அடிமை வைத்திருந்தவர்களும் உறுப்பினர்கள். தென் மாநில ஆண்டைகளின் காணிக்கையும் போர்டுக்கு வந்தது. இவர்களை விலக்குங்கள், இந்தப் பணத்தைத் தொடாதீர்கள் என்று அடிமை எதிர்ப்பாளர்கள் ஆண்டுக்கு ஆண்டு முறையிட்டார்கள். 1845-இல் புரூக்லினில் கூடிய போர்டின் ஆண்டுக்கூட்டம் நழுவலாக ஒரு பதிலைத் தந்தது: அடிமைமுறை தீமைதான், ஆனால் ஒருவர் அடிமை வைத்திருக்கிறார் என்ற ஒன்றுக்காகவே அவரைச் சபையிலிருந்து நீக்க முடியாது.

இரண்டே ஆண்டு கழித்து, 1847-இல், அதே போர்டின் மதுரை மிஷனரிகள் சாதி விஷயத்தில் வேறொரு முகத்தைக் காட்டினார்கள். சபையில் இருக்க வேண்டுமானால் சாதியை விட வேண்டும்; விட்டதற்கு அடையாளமாக எல்லாச் சாதியாரும் சேர்ந்து உட்கார்ந்து உண்ணும் அன்பின் விருந்தில் கைநனைக்க வேண்டும். மாட்டேன் என்றவர்கள் விலக்கப்பட்டார்கள். உபதேசியார்களிலேயே பலர் வெளியேறினார்கள். 1850-இல் சென்னையில் கூடிய மிஷனரிகளும் சாதிக்கு எதிராக அறிக்கை வெளியிட்டார்கள்; லைப்சிக் லுத்தரன்கள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

புரூக்லினில் குழைந்த நாக்கு மதுரையில் எப்படி நிமிர்ந்தது? சாதி இந்து சமயத்தோடு பிறந்தது, அடிமைமுறை வெறும் சமூக ஏற்பாடு என்று அவர்கள் தத்துவம் பேசக்கூடும். எனக்கு அது சமாதானமாகப் படவில்லை. புரூக்லினில் எதிரே இருந்தவர்கள் பணம் கொடுத்தவர்கள். மதுரையில் எதிரே இருந்தவர்கள் சம்பளம் வாங்கியவர்கள். கொடுப்பவனிடம் குனிவதும் வாங்குபவனிடம் நிமிர்வதும் சமயத்துக்கு மட்டுமே உரிய குணமல்ல, ஆனால் சமயமும் அதற்கு விலக்கல்ல. அதே நேரத்தில், அந்த விருந்தால் தாழ்த்தப்பட்டவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். வேளாளர் வீட்டு உபதேசியார் பக்கத்தில் இலை போட்டு உட்கார முடியும் என்பதே அந்த நாளில் எண்ணிப் பார்க்க முடியாத காரியம். நோக்கத்தில் கறை இருந்தாலும் சோறு சோறுதான்.

போர்டின் நழுவல் அமெரிக்காவில் வேறொரு பலன் தந்தது. கொதித்துப்போன அடிமை எதிர்ப்பாளர்கள் 1846-இல் தனியாக அமெரிக்கன் மிஷனரி அசோசியேஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அதை உருவாக்கியவர்களில் கறுப்பினப் போதகர்களும் உண்டு; அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த ஜேம்ஸ் பென்னிங்டன் முன்பே நடத்திவந்த சங்கமும் இதில் கலந்தது. உள்நாட்டுப் போர் முடிந்ததும் விடுதலையான அடிமைகளுக்காக இந்த அமைப்பு உதவித் தொடங்கிய கல்வி நிலையங்களில் ஒன்று ஃபிஸ்க். அங்கிருந்து 1871-இல் ஒரு பாடகர் குழு கிளம்பி, காட்டுக்குள் கவிழ்த்த பானையருகே பாடிய பாட்டுகளை மேடையேற்றியது. அந்தக் குழுவின் வழிவந்த பாடகர்கள், ஃபிரெடரிக் லவுடின் தலைமையில் உலகம் சுற்றியபோது இந்தியாவுக்கும் வந்து பாடினார்கள்.

அடிமைமுறையின் கறை அமெரிக்கன் போர்டோடு நிற்கவில்லை. தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் ஊழியம் செய்த எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலேய மிஷன் சங்கத்துக்கு பார்படோஸ் தீவில் சொந்தமாகக் கரும்புத் தோட்டமும் அடிமைகளும் இருந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த அடிமைகளின் மார்பில் சங்கத்தின் பெயரைச் சூட்டுக்கோலால் பொறித்தார்கள். நம் பக்கத்துக் கணக்கும் சுத்தமில்லை. 1201-இல், பஞ்சக் கொடுமையில், ஒரு வெள்ளாளர் தம்மையும் தம் இரு பெண்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதைத் திருப்பாம்புரம் கல்வெட்டு சொல்கிறது. ஆ. சிவசுப்பிரமணியனின் ‘தமிழகத்தில் அடிமைமுறை’ படித்தவர்களுக்கு இது புதிதல்ல.

இனி மேட்டுக்கு அந்தப் பக்கம். திருவிதாங்கூரின் தெற்கு முனையில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடியில், மகாராசன் என்ற சாம்பவர் இருந்தார். சிதம்பரத்துக்குச் சாமி கும்பிடப் போனவர், வழியில் தஞ்சாவூரில் கிறிஸ்தவராகி வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார். ரிங்கல்தௌபே என்ற மிஷனரி 1806-இல் மயிலாடிக்கு வந்தது இவர் போய் அழைத்ததால். இதைப் பாடப்புத்தகங்கள் மிஷனரியின் வருகையாக எழுதுகின்றன. அழைத்தவரை முதலில் எழுதுவதே முறை. பின்னாளில், 1847-இல், மிஷனரிகள் அடிமை ஒழிப்புக் கேட்டு மகாராஜாவிடம் மனு கொடுத்தார்கள். 1853-இல் அரசின் அடிமைகளுக்கு இனிமேல் பிறக்கும் குழந்தைகள் விடுதலை என்ற அறிவிப்பு வந்தது. மல்லப்பள்ளிக்கு அருகே அடிமைகளுக்கென்று கொட்டகைப் பள்ளிக்கூடம் ஒன்று நடந்தது. அங்கு படித்த தெய்வத்தான் என்ற புலையர் 1854-இல் ஹாபேல் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றார். மறு ஆண்டு விளம்பரம் வந்தது.

விளம்பரம் வந்ததோடு கதை முடிந்திருந்தால் பொய்கையில் யோகன்னான் தேவைப்பட்டிருக்க மாட்டார்.

இவர் பிறந்தது 1879-இல், திருவல்லா அருகே இரவிபேரூரில். அடிமை ஒழிப்பு விளம்பரத்துக்கு இருபத்துநான்கு ஆண்டு கழித்து. ஆனாலும் பறையரான இவர் குடும்பம் ஒரு சிரியன் கிறிஸ்தவ வீட்டின் அடிமை ஆட்களாகவே இருந்தது. ஆண்டையும் கிறிஸ்தவர், ஆளும் கிறிஸ்தவர். அமெரிக்கத் தெற்கின் படம் அப்படியே இங்கே. யோகன்னான் மார்த்தோமா சபைக்குப் போனார், பிரதரன் சபைக்குப் போனார், எங்கும் சாதி முன்னே போய் உட்கார்ந்திருந்தது. கல்லறையில்கூட. பைபிள் முழுக்கத் தேடினாலும் நம் முன்னோர் பட்ட பாட்டைப் பற்றி ஒரு வரி இல்லையே என்று கேட்டார். வாகத்தானத்தில் பைபிளையே எரித்தார் என்று சொல்லப்படுகிறது. பிறகு தம் மக்களுக்கென்று பிரத்யட்ச ரட்சா தெய்வ சபையை நிறுவினார். 1921-இலும் 1931-இலும் ஸ்ரீமூலம் பிரஜா சபையின் உறுப்பினராகவும் இருந்தார். 1939-இல் மறைந்தார்.

அவர் செய்த பெரிய காரியம் அடிமைத்தனத்தை நினைவுகூர்வதையே வழிபாடாக்கியது. தாய் ஒரு திசைக்கும் தகப்பன் ஒரு திசைக்கும் விற்கப்பட, காட்டோரம் அநாதையாக நின்ற குழந்தைகள், மாட்டோடு ஏரில் பூட்டப்பட்டு வயலிலேயே விழுந்து செத்தவர்கள், இவர்களைப் பாட்டாகச் சொல்லிச்சொல்லிக் கூட்டத்தை அழவைத்தார். அழுது முடித்தவர்கள் நாங்கள் யார் என்று தெரிந்துகொண்டு எழுந்தார்கள். இது அமெரிக்கக் கறுப்பினப் பாடல்களைப் பார்த்துச் செய்ததல்ல. ஒரே காயம், ஒரே மருந்தைத் தானாகக் கண்டுபிடித்திருக்கிறது. ஒரு வித்தியாசம் முக்கியமானது. அமெரிக்க அடிமைகள் வேதாகமத்துக்குள் தங்கள் கதையைக் கண்டெடுத்தார்கள். யோகன்னான் அங்கே அது இல்லை என்று சொல்லி, தம் மக்களின் துயரத்தையே வேதமாக்கினார். இரண்டிலும் சமயம், கொடுத்தவர் கையைவிட்டு எடுத்துக்கொண்டவர் கைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அது விடுதலைக்கு உதவியது என்பது என் வாதம்.

வயலில் சங்கிலி கழன்ற காலத்தில்தான் மலையில் தோட்டங்கள் பெருகின. 1869-இல் திருவிதாங்கூர் ஏலமலைக்கென்று தனி சூப்பரிண்டெண்ட் நியமித்தது. 1877-இல் பூஞ்சார் ராஜாவிடமிருந்து கண்ணன் தேவன் மலைகள் குத்தகைக்குப் போயின. வேலைக்கு ஆள்? கீழ்நாட்டிலிருந்து, கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து, கங்காணி கொடுத்த முன்பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு மலையேறியவர்கள். பிரிட்டிஷ் இந்திய அரசின் 1859-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டுப் போனவரை ஜெயிலுக்கு அனுப்ப வழி செய்தது. அது 1920-களின் நடுவில்தான் நீக்கப்பட்டது. ஆளை விற்க முடியாது, ஆனால் கடனை வைத்து ஆளைப் பிடித்து நிறுத்தலாம். இதையும் அடிமைத்தனம் என்று எழுதிவிடுவது எளிது. நான் எழுத மாட்டேன். தோட்டத்துக்குப் போனவர் கூலி பெற்றார், கணக்குத் தீர்ந்தால் ஊர் திரும்பினார், ஊரில் பண்ணையாரை எதிர்த்துப் பேசும் தெம்பையும் சில சமயம் மலையிலிருந்தே கொண்டுவந்தார். ஆனால் சுதந்திரம் என்றும் எழுத முடியாது.

இன்றும் விடிவதற்கு முன்பே போடிப் பக்கத்து ஊர்களிலிருந்து ஜீப்புகள் போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஏறுகின்றன. ஏலச்செடியின் காய், தலைக்கு மேலே தொங்குவதில்லை. தூரடியில் தரையோடு படரும் சரத்தில் காய்க்கிறது. ஈரத் தரையில் குனிந்தோ குந்தியோ, செடி செடியாக, முற்றிய காயை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். பெரும்பாலும் பெண்கள். இருட்டுவதற்குள் அதே ஜீப்பில் வீடு திரும்புகிறார்கள். முன்பணக் கணக்கு இன்னும் முழுசாக மறைந்துவிடவில்லை.

கறுப்பின மக்களின் போராட்டம் நமக்கு அன்னியமல்ல என்பதை முதலில் ஓங்கிச் சொன்னவர் ஜோதிராவ் புலே. 1873-இல் வெளியான ‘குலாம்கிரி’யை, நீக்ரோ அடிமைகளை விடுவிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். எதிர்த்திசையில் வந்தவர்களில் ஹோவர்ட் தர்மன் முக்கியமானவர். கறுப்பினப் போதகரான அவர் 1935-இல் கொழும்பில் பேசி முடித்ததும் ஒரு வழக்கறிஞர் மடக்கினார்: உங்கள் மக்களை அடிமையாக்கியவர்கள் கிறிஸ்தவர்கள், அந்தச் சமயத்தின் தூதுவராக நீங்கள் இங்கே வந்து நிற்பது உங்கள் இனத்துக்குச் செய்யும் துரோகமில்லையா? தர்மன் நெடுநாள் இதை மனத்தில் போட்டுப் புரட்டி, 1949-இல் ஒரு புத்தகமாகவே பதில் எழுதினார். அதில் அவர் பாட்டி வருகிறார். பாட்டி அடிமையாக இருந்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். பேரன் பைபிள் வாசித்துக் காட்ட வேண்டும். ஆனால் பவுலின் நிருபங்களை, ஒரு பகுதி தவிர, வாசிக்கவே கூடாது. ஏன் என்று கேட்டபோது சொன்னாராம்: ஆண்டையின் பாதிரியார் எப்போது வந்தாலும், அடிமைகளே, எஜமானுக்குக் கீழ்ப்படியுங்கள் என்ற பவுலின் வசனத்தைத்தான் எடுப்பார், விடுதலையானால் அதை இனி வாசிக்க மாட்டேன் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். எழுத்தறியாத ஒரு கிழவி வேதத்தில் எது வேண்டும், எது வேண்டாம் என்று தீர்மானித்தார். நான் மேலே சொன்ன வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி தெரியவில்லை.

1959-இல் மார்ட்டின் லூதர் கிங் இந்தியா வந்தார். திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படித்த பள்ளி ஒன்றில் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினார்கள். முதலில் அவருக்குச் சுருக்கென்றது. பிறகு, ஆமாம், நானும் தீண்டத்தகாதவன்தான் என்று ஒத்துக்கொண்டதாக அவரே ஒரு பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார்.

மதுரைக்கு வருவோம். அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, மாணவர்களுக்கும் கிராமத்துச் சபைகளுக்கும் பரட்டை அண்ணன். ஜேம்ஸ் கோன் போன்றவர்கள் அமெரிக்காவில் கறுப்பின இறையியல் எழுதியிருந்தார்கள்; இங்கே அது 1980-களில் தலித் இறையியல் தலையெடுத்த காலம். அப்பாவு கட்டுரைகளோடு நிற்கவில்லை. சர்ச்சுக்குள் கர்நாடக ராகத்தில் கீர்த்தனை பாடுவது உசத்தி, பறை அடிப்பது கேவலம் என்ற எண்ணத்தைப் போட்டு உடைத்தார். ஆராதனை முறையையே நாட்டுப்புற மெட்டில், சேரித் தமிழில் எழுதி, பறையோடு பாடவைத்தார். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் பங்கிட்டு உண்பது அவருடைய இறையியலின் மையம். 1847-இல் வெள்ளைக்காரத் துரைமார் பரீட்சையாக வைத்த சமபந்தியும் இதுவும் பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும். உலை வைத்தவர் யார் என்பதில்தான் வேறுபாடு. அப்பாவு 2005-இல் இறந்தார். அவர் பாட்டுகள் இன்னும் பாடப்படுகின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்று மிச்சமிருக்கிறது. விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் மெதடிஸ்டாக இருக்கலாம், பாப்டிஸ்டாக இருக்கலாம், முஸ்லிமாக மாறலாம்; குடிமை உரிமைச் சட்டங்கள் அவருக்குத் தரும் பாதுகாப்பு சமயத்தைக் கேட்டு வருவதில்லை. இங்கே 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை அதைக் கேட்கிறது. அதன் மூன்றாம் பத்தி முதலில் இந்துக்களை மட்டும் ஏற்றது; 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே. சிலமலையில் ஒரு பள்ளரோ பறையரோ சக்கிலியரோ ஞானஸ்நானம் பெற்றால், அவர் பட்டியல் சாதியினர் அல்லர்; தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பை இழக்கிறார். அவர் குடியிருக்கும் தெரு மாறுவதில்லை, அவரைத் தெருவில் கூப்பிடும் தோரணையும் மாறுவதில்லை. இந்தப் பத்தியை எதிர்த்து 2004 முதல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறது. 2022-இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு ஓர் ஆணையம் அமைத்தது. மூன்றாம் பத்தி இன்னும் அப்படியே இருக்கிறது. அதை நீக்க வேண்டும்.